பசிபிக் தீவுகளில் எம்.பி. ஆகிறவர்கள் யார்?

கேள்வி இதுதான்: "துவாலு, நவுரு மாதிரி பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் நாடுகளுக்கும் நாடாளுமன்றம், மந்திரி சபை எல்லாம் உண்டு. அங்கே எம்.பி. ஆகிறவர்கள் யார்? அதற்கு முன் என்ன வேலை பார்த்தவர்கள்? பதவி போனால் என்ன ஆகிறார்கள்?"

முதல் தலைமுறையில் பெரும்பாலும் வாத்தியார், டாக்டர், பாதிரியார், அரசாங்கக் குமாஸ்தா. அடுத்த தலைமுறையில் வக்கீல், பொருளாதாரம் படித்த அதிகாரி, தூதர், கொஞ்சம் வியாபாரிகள். ஆனால் வேலையை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இன்னார் மகன், இந்தத் தீவுக்காரர், தேவாலயத்துக்கும் சாவு வீட்டுக்கும் கையை விரித்துக் கொடுப்பவர் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓட்டாகிறது. கட்சிக்குப் பல இடங்களில் கடைசி வரிசை. துவாலுவில் கட்சியே கிடையாது.

"பசிபிக் தீவுகள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டவும் முடியாது. நியுவேயின் மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் கீழே. அதற்கு 20 பேர் கொண்ட சபை. பப்புவா நியூ கினியாவில் ஒரு கோடிக்கு அருகே மக்கள். நான் பெரும்பாலும் சின்ன நாடுகளையே எடுத்துக்கொள்கிறேன். ஆளுக்கும் பதவிக்கும் உள்ள உறவு அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

வாத்தியாரும் டாக்டரும் ஏன் முதலில் வந்தார்கள்? காலனி ஆட்சிக் காலத்தில் ஒரு தீவுப் பையன் படித்து முடித்தால் அவனுக்குத் திறந்திருந்த கதவுகள் மூன்று நான்குதான். பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம், ஆபீஸ் மேசை. சுதந்திரம் வந்தபோது ஆங்கிலத்தில் எழுதவும் வெள்ளைக்கார அதிகாரியோடு வாதாடவும் தெரிந்தவர்கள் அந்த நான்கு இடங்களில்தான் இருந்தார்கள். நவுருவின் முதல் ஜனாதிபதி ஹாமர் டிரோபர்ட் பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் நவுரு மக்களில் சுமார் 1,200 பேரை ட்ரக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் அவரும் ஒருவர். மிஞ்சியவர்கள் ஊர் திரும்பிய நாள் 1946 ஜனவரி 31. நவுரு தன் சுதந்திரத்துக்கு 1968 ஜனவரி 31ஐத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். துவாலுவின் முதல் பிரதமர் டோரிப்பி லாவுட்டியும் ஆசிரியராகத் தொடங்கியவர். பிறகு நவுருவின் பாஸ்பேட் சுரங்க நிர்வாகத்தில், தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியாக இருந்தார். பப்புவா நியூ கினியாவின் மைக்கேல் சோமாரே பள்ளிக்கூடத்திலிருந்து வானொலிக்குப் போய் அங்கிருந்து 1968இல் சபைக்குள் வந்தவர். சாலமன் தீவுகளின் முதல் பிரதமர் பீட்டர் கெனிலோரியாவும் ஆசிரியர்தான்.

டாக்டர்கள் கதையில் ஃபிஜியின் சுவா மருத்துவப் பள்ளிக்குப் பெரிய பங்குண்டு. பசிபிக் முழுவதற்கும் உள்ளூர் மருத்துவர்களைத் தயார் செய்த இடம் அது. அங்கே படித்த தொமாசி புவாபுவா துவாலுவில் 1981 முதல் 1989 வரை பிரதமர். ஃபிஜியில் 1987இல் தொழிற்கட்சியின் முதல் பிரதமரான திமோசி பாவத்ராவும் டாக்டர்; ஒரு மாதத்திலேயே ராணுவம் அவரைக் கவிழ்த்தது. என் கணிப்பில், இவர்களுக்கு ஓட்டு விழுந்ததற்கு மருந்து கொடுத்த நன்றி மட்டும் காரணமில்லை. அரசாங்கப் படகில் தீவு தீவாகப் போய் வீட்டுக்குள் பாய் போட்டு உட்கார்ந்து நலம் விசாரிக்கும் வாய்ப்பு வேறெந்த உத்தியோகத்துக்கும் கிடையாது.

டாக்டர்களிலேயே விசித்திரமான வாழ்க்கை குக் தீவுகளின் டாம் டேவிஸுடையது. ரரோடோங்காவில் பிறந்து நியூசிலாந்தில் மருத்துவம் படித்தவர். 1952இல் மனைவி மக்களோடு ஒரு சிறு பாய்மரப் படகில் ஏறி, தென் அமெரிக்காவைத் தொட்டு பாஸ்டன் வரை போய் ஹார்வர்டில் சேர்ந்தார். அமெரிக்க ராணுவத்துக்காக மருத்துவ ஆராய்ச்சி செய்தார். எழுபதுகளில் ஊர் திரும்பிக் கட்சி ஆரம்பித்தார். எதிரில் நின்றவர் ஆல்பர்ட் ஹென்றி; முன்னாள் ஆசிரியர், நாட்டின் முதல் பிரீமியர், அதாவது அரசாங்கத் தலைவர். 1978 தேர்தலில் ஹென்றி நியூசிலாந்தில் வாழும் குக் தீவுக்காரர்களை விமானம் விமானமாக வரவழைத்து ஓட்டுப் போட வைத்தார். டிக்கெட் செலவுக்கு அரசின் தபால்தலை வருமானத்தைக் காட்டிப் பெற்ற பணம். நீதிமன்றம் அந்த ஓட்டுகளைத் தள்ளியது, டேவிஸ் பிரீமியரானார். ஹென்றியின் சர் பட்டமும் 1980இல் பறிபோனது. ஊரில் இருப்பவர்களைவிட நியூசிலாந்தில் இருப்பவர்கள் அதிகம் என்ற நாட்டில், வெளியூர் உறவினரைக் கூட்டிவந்தால்தான் ஜெயிக்கலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

பாதிரியார்களுக்கு ஒரு வரி போதும். வனுவாட்டுவின் சுதந்திரத்தை 1980இல் வாங்கித் தந்த முதல் பிரதமர் வால்ட்டர் லினி ஆங்கிலிக்கன் பாதிரியார். அவருக்குப் பின் ஜனாதிபதியானவர்களிலும் திருச்சபைக்காரர்கள் உண்டு.

இப்போது சமோவா. இங்கேதான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே எம்.பி. ஆவதற்கு முன்தகுதி ஒரு பட்டம். கல்லூரிப் பட்டமல்ல, மதாய் என்கிற குடும்பத் தலைவர் பட்டம். ஒரு பெரிய குடும்பம் கூடிப் பேசி, தன் நிலத்தையும் பெயரையும் காக்க ஒருவருக்கு அதைச் சூட்டுகிறது. 1962இல் சுதந்திரம் வந்தபோது, சமோவா வழக்கத்துக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கான இரண்டு இடங்கள் நீங்கலாக மற்றதற்கெல்லாம் ஓட்டுப் போடவும் மதாய்தான், நிற்கவும் மதாய்தான். விளைவு என்ன? ஓட்டு எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே குடும்பங்கள் ஆளாளுக்குப் பட்டம் சூட்டத் தொடங்கின. பட்டத்தின் மதிப்பு இறங்கியது. கடைசியில் 1990இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, 1991 தேர்தலிலிருந்து 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்றார்கள். நிற்பதற்கு மட்டும் இன்றைக்கும் பட்டம் வேண்டும். பட்டம் கிடைத்ததும் பெயரின் முன்னால் அது ஏறிக்கொள்ளும். அதனால்தான் சமோவா எம்.பி.க்களின் பெயர் பழைய பதிவில் ஒன்றாகவும் புதிய பதிவில் வேறாகவும் இருக்கும்; இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

பட்டம் வாங்கிவிட்டு நியூசிலாந்தில் உட்கார்ந்திருந்தாலும் நடக்காது. வேட்பாளர் மூன்று வருடம் நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். கிராமத்துக்குச் செய்ய வேண்டிய பணி, பொருள், பணம் எல்லாவற்றையும் செய்து வந்தவர் என்று காட்டவும் வேண்டும். இதைக் கிளப்பி எதிரியை நீதிமன்றத்துக்கு இழுப்பது தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிற விஷயம்.

இதைவிடச் சிக்கலானது அன்பளிப்பு. மரியாதையுள்ள மதாய் என்றால் ஊர்க் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வர மாட்டார். நேர்த்தியாகப் பின்னிய பாய், பன்றி, உப்புக்கண்டப் பீப்பாய், இப்போது ரொக்கம். வேட்பாளர் தன்னைத் தொகுதிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும் சடங்கும் அப்படித்தான். அதே கையில் அதே பொருளைத் தேர்தல் நேரத்தில் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் லஞ்சம். கோடு எங்கே என்று சட்டம் தேதி குறித்துப் பார்த்தது, வரையறை எழுதிப் பார்த்தது, இன்னும் தீரவில்லை. 1982இல் வாய் கொலோனே பிரதமரான சில மாதங்களிலேயே தேர்தல் வழக்கில் தொகுதியை இழந்து பதவியையும் விட்டார். அதன் பிறகும் ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் சில உறுப்பினர்களாவது இந்த வழியில் வெளியே போகிறார்கள். ஊழல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்குச் சரியாகப்படவில்லை. கொடுக்காதவரை ஊர் மதிக்காது, கொடுத்தவரை கோர்ட் விடாது.

இந்த அமைப்புக்குள் வளர்ந்தவர்தான் ஃபியாமே நவோமி மதாஃபா. முதல் பிரதமரின் மகள்; தாயாரும் எம்.பி.யாக இருந்தவர். தந்தை 1975இல் இறந்தபோது நவோமி பதின்பருவத்தைத் தாண்டாத பெண். தந்தையின் ஃபியாமே பட்டத்துக்குப் போட்டி வந்து, நிலம்-பட்டங்களுக்கான தனி நீதிமன்றம் வரை வழக்குப் போய், இருபதைத் தாண்டிய கொஞ்ச நாளில் அது அவருக்குக் கிடைத்தது. 1985இல் லோட்டோஃபாகா தொகுதியில் ஜெயித்து உள்ளே வந்தார். 1991இல் நாட்டின் முதல் பெண் மந்திரி. பதினைந்து வருடம் கல்வித் துறை. கணக்கியல் படித்து, கருவூலத்திலும் பிறகு பிரஸ்ஸல்ஸிலும் வேலை பார்த்து வந்த துய்லாய்ப்பா சயிலேலே 1998 முதல் 2021 வரை பிரதமர். ஃபியாமே அவருக்குக் கீழே துணைப் பிரதமர் வரை உயர்ந்தார். நீதித்துறையை மாற்றும் மசோதாக்களை எதிர்த்து 2020இல் விலகினார்.

2021 ஏப்ரல் தேர்தலில் இருவர் கட்சிக்கும் 25க்கு 25. தனித்து ஜெயித்த ஒருவர் ஃபியாமே பக்கம் போனார். மே 24 அன்று பதவியேற்க வந்தபோது நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பூட்டு. தலைமை நீதிபதியே வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மாலையில் புல்வெளியில் கூடாரம் போட்டுப் பதவியேற்றார்கள். அது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது ஜூலை 23இல்; ஃபியாமே பிரதமரானார். பிறகு அவர் கட்சிக்குள்ளேயே பிளவு வந்தது. 2025 தேர்தலில் அவர் ஆரம்பித்த புதுக் கட்சிக்கு மூன்றே இடங்கள். லோட்டோஃபாகா மட்டும் அவரை விடவில்லை.

டோங்காவில் பட்டம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அங்கே சபையிலேயே பிரபுக்களுக்குத் தனி இடம். 2010 சீர்திருத்தத்துக்குப் பின் 26 பேரில் 9 பேரைப் பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், 17 பேரை மக்கள். அந்தச் சீர்திருத்தம் வருவதற்கு முக்கியக் காரணமானவர் அக்கிலிசி போஹிவா. பள்ளி ஆசிரியர், பிறகு கல்வித் துறை ஊழியர். வானொலியில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டார் என்று எண்பதுகளின் நடுவில் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார், 1987இல் தேர்தலிலும் நின்றார், இரண்டிலும் ஜெயித்தார். 1996இல் நாடாளுமன்றமே தன்னை அவமதித்ததாகச் சொல்லி அவரையும் இரண்டு பத்திரிகைக்காரர்களையும் சிறைக்கு அனுப்பியது. தலைமை நீதிபதி விடுவித்தார். 2014இல் அவர் பிரதமர். அதற்குமுன் ஒரு சாதாரண குடிமகன் பிரதமராக இருந்ததுண்டு. அவர் அரசரால் நியமிக்கப்பட்டவர். சபை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் சாதாரண மனிதர் போஹிவாதான். 2019 செப்டம்பரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆட்சியில் அவர் அவ்வளவு திறமைசாலியல்ல என்பது என் எண்ணம். முப்பது வருடம் எதிர்க்கட்சியாகப் பேசியவருக்குக் கோப்பு பார்ப்பது வேறு கலை.

துவாலுவில் 16 உறுப்பினர்கள். அதில் பாதிப் பேர் வரை மந்திரியாகலாம், ஆக எம்.பி. ஆனால் மந்திரியாவதற்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலைநகர் ஃபுனாஃபுட்டியிலேயே வாழ்ந்தாலும் பூர்வீகத் தீவுக்குப் போய்த்தான் நிற்பார்கள். அந்தத் தீவின் பெரியவர்கள் சபை எவ்வளவு கனமானது என்பதற்கு 2011 ஜனவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நுக்குஃபெட்டாவ் தீவுப் பெரியவர்கள், தங்கள் தீவின் எம்.பி.யும் நாட்டின் நிதி மந்திரியுமான லோட்டோவாலா மெட்டியாவைப் பதவி விலகச் சொன்னார்கள். அவர் முடியாது என்றார். ஊர்க்காரர்கள் தலைநகரிலேயே ஊர்வலம் போனார்கள். பிரதமர் வில்லி தெலாவி பொது ஒழுங்குச் சட்டத்தைக் கையில் எடுத்து, ஃபுனாஃபுட்டியில் இரண்டு வாரத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார். நம் ஊரில் ஒரு பேரூராட்சிக்குள் 144 போட்ட மாதிரி. தெலாவியே முன்னாள் போலீஸ் கமிஷனர் என்பதைச் சேர்த்துப் படித்தால் இன்னும் விளங்கும். பெரியவர்கள் கேட்டது அரசியல் சட்டத்தில் இல்லாத உரிமை. ஆனால் "நாங்கள் அனுப்பினோம், நாங்களே கூப்பிடுகிறோம்" என்பதை அவர்கள் இயல்பான நியாயமாகத்தான் பார்த்தார்கள்.

இன்றைய துவாலு பிரதமர் ஃபெலெட்டி தியோ அடுத்த தலைமுறையின் நல்ல மாதிரி. வக்கீல், முன்னாள் அட்டர்னி ஜெனரல், மத்திய-மேற்கு பசிபிக் மீன்வள ஆணையத்தின் முன்னாள் நிர்வாக இயக்குநர். சூரை மீன் உரிமத்தில் வரும் காசுதான் துவாலுவின் முக்கிய வருமானங்களில் ஒன்று என்பதால், அந்த வேலை அனுபவம் சும்மா அலங்காரமல்ல. 2024 ஜனவரியில் ஜெயித்து, அடுத்த மாதமே போட்டியின்றிப் பிரதமர். 2013 முதல் 2019 வரை பிரதமராக இருந்த ஏனேலே சோப்போவாகா அதற்குமுன் ஐ.நா.வில் தூதராக இருந்தவர். அண்ணன் சவுஃபாட்டு ஏற்கெனவே பிரதமராக இருந்தவர்.

அண்ணன் தம்பி என்றால் கிரிபாட்டியை விட முடியாது. அங்கே மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் வேட்பாளர்களை எம்.பி.க்களிலிருந்து சபைதான் நிறுத்தும். 2003இல் முதல் இரண்டு இடத்தில் நின்றவர்கள் லண்டனில் பொருளாதாரம் படித்த அனோட்டே டோங், அவருடைய அண்ணன் டாக்டர் ஹாரி டோங். அனோட்டே ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். கடல்மட்ட உயர்வைப் பற்றி உலகம் முழுக்கப் பேசி நமக்கும் தெரிந்த பெயரானவர் அவரே.

நவுருவில் கட்சி இருந்தாலும் இல்லாத மாதிரிதான். ஓட்டுச்சீட்டில் எல்லா வேட்பாளர்களுக்கும் வரிசை எண் போட வேண்டும். முதல் இடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு அரை, மூன்றாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று. 1971இல் நீதித்துறைச் செயலாளராக இருந்த டவ்டால் என்பவர் கொண்டுவந்த கணக்கு, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். இதில் சொந்தக் குடும்பத்தின் முதலிடம் மட்டும் போதாது, பக்கத்து வீட்டாரின் இரண்டாம் இடமும் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த முகத்துக்கு அது லாபம். மார்க்கஸ் ஸ்டீபன் அப்படித்தான் வந்தார். பளுதூக்கும் வீரர். நவுருவுக்கு அப்போது ஒலிம்பிக் சங்கமே இல்லாததால் 1992 பார்சிலோனாவில் சமோவாவுக்காகத் தூக்கினார். 1996இல்தான் சொந்த நாட்டுக்காக. காமன்வெல்த் போட்டிகளில் ஏழு தங்கம். 2003இல் எம்.பி., 2007 முதல் 2011 வரை ஜனாதிபதி. தந்தையும் எம்.பி.யாக இருந்தவர் என்பதை மறக்க வேண்டாம். தங்கத்தோடு குடும்பமும் சேர்ந்துதான் ஜெயித்தது.

எனக்கு மிகவும் பிடித்த பசிபிக் எம்.பி. மேலே சொன்ன யாருமல்ல. மார்ஷல் தீவுகளின் ஜெட்டன் அஞ்ஜைன். தொழிலில் பல் மருத்துவர், ரோங்கலாப் பவளத்தீவின் செனட்டர். 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் விழுந்த தீவு ரோங்கலாப். மக்களை அப்புறப்படுத்தி, 1957இல் பத்திரம் என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தைராய்டு கட்டிகள், கருச்சிதைவுகள். தீவைக் காலி செய்யக் கப்பல் கொடுங்கள் என்று அஞ்ஜைன் அரசுகளிடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலை வரவழைத்து, 1985 மே மாதம் முந்நூற்றுச் சொச்சம் பேரையும் அவர்களுடைய வீட்டுப் பலகை, தகரம் வரைக்கும் ஏற்றி மெஜாட்டோ தீவுக்குக் கொண்டுபோனார். தன் தொகுதியையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வெளியேறிய வேறு எம்.பி.யை எனக்குத் தெரியாது. அதே நாட்டில் பரம்பரைத் தலைவர்களான கபுவா குடும்பத்தில் மூன்று ஜனாதிபதிகள். அந்த வரிசையில் சேராத ஹில்டா ஹைனே, முனைவர் பட்டம் பெற்ற முதல் மார்ஷல் தீவுக்காரர், கல்வித் துறையிலிருந்து வந்து 2016இலும் 2024இலும் ஜனாதிபதி.

ஆனால் ஹைனேயும் ஃபியாமேயும் விதிவிலக்குகள். பெண்கள் மிகக் குறைவாக உள்ள நாடாளுமன்றங்களின் பட்டியல் எடுத்தால் பசிபிக் நாடுகள் அடியில் வரிசையாக நிற்கும். பப்புவா நியூ கினியாவில் 2017இல் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை, 2022இல் இரண்டு பேர். வனுவாட்டுவில் 2008க்குப் பின் முதல் பெண் உறுப்பினர் 2022இல்தான் வந்தார். சமோவா மட்டும் 2013இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பெண்கள் பத்து சதவீதத்துக்குக் குறைந்தால் தோற்ற பெண் வேட்பாளர்களில் முன்னணியில் உள்ளவரைச் சேர்த்துக்கொள்கிறது. பட்டம் சூட்டும்போதே ஆண்களைப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கும்வரை பத்து சதவீதம்கூட இழுபறிதான்.

நம் ஆள் யாராவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பப்புவா நியூ கினியாவில் மேற்கு நியூ பிரிட்டன் மாகாண ஆளுநர் சசீந்திரன் முத்துவேல், தமிழ்நாட்டில் பிறந்து விவசாயம் படித்தவர். வேலைக்காக அங்கே போய், குடியுரிமை வாங்கி, வியாபாரத்தில் நின்று, 2012இல் முதன்முதலாக ஜெயித்தார். அங்கே மாகாண ஆளுநர் நியமனப் பதவியல்ல. நாடாளுமன்றத்துக்கு மாகாணம் முழுவதும் ஓட்டுப் போட்டு அனுப்பும் உறுப்பினரே ஆளுநர். தேர்தலுக்குத் தேர்தல் ஏராளமான உறுப்பினர்கள் தோற்கிற நாட்டில் 2017, 2022 என்று மறுபடியும் ஜெயித்தது சாதாரணமல்ல.

பதவி போன பிறகு? சின்ன நாட்டில் படித்த, அனுபவமுள்ள ஆள் சும்மா இருக்க முடியாது. வேறு நாற்காலி கிடைத்துவிடும். புவாபுவா பிரதமராக இருந்து சபாநாயகராகி, பிறகு கவர்னர் ஜெனரல். லாவுட்டியும் பின்னாளில் கவர்னர் ஜெனரல். பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான பசிபிக் தீவுகள் மன்றத்தின் பொதுச் செயலாளர் பதவிக்கு நவுருவின் பாரன் வாக்கா, குக் தீவுகளின் ஹென்றி புனா எனப் பழைய தலைவர்கள் போயிருக்கிறார்கள். புனா வக்கீல், அத்தோடு மனிஹிக்கி தீவில் கறுப்பு முத்துப் பண்ணை வைத்திருந்தவர். ஃபிஜியின் எதிர்க்கட்சித் தலைவர் ஜெய்ராம் ரெட்டி ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியானார்.

கிரிபாட்டியின் முதல் ஜனாதிபதி யெரேமியா தபாய் 1979இல் பதவியேற்றபோது அவருக்கு முப்பது வயதாகவில்லை. 1991இல் இறங்கி, பசிபிக் மன்றத்துக்குப் பொதுச் செயலாளராக இருந்து, அதுவும் முடிந்ததும் ஊர் திரும்பி, சொந்தத் தீவான நோனோவுட்டியின் சாதாரண எம்.பி.யாக மறுபடி சபையில் உட்கார்ந்தார். அங்கே இதை யாரும் இறக்கமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.